பிள்ளைக்கென்று ஒரு கதிரை

என் கணவரைக் கழுதை என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் ஜெர்மன் அக்காதான். அதுவும் நான் சொல்லச் சொல்லித்தான் சொன்னார்.

அப்டன் பார்க்கில் அக்காவுக்கு ஒரு சின்னத் தையற்கடை இருந்தது. காற்சட்டைக் கால் கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, சேலைக்கு ஓரம் அடிப்பது, இவைதான் தொழில். கணவரின் காற்சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்து வரும் வழியில் எடுத்து வருகிறேன் என்று சொன்ன மனுசன், ஒவ்வொரு நாளும் கையை வீசிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் ஒரு கலியாண வீடு. எனக்கு வந்த கோபத்தில் கடைக்கு ஃபோன் பண்ணி, அந்தக் கழுதை இன்றைக்கு வந்தால் சொல்லுங்கோ, நாளைக்குக் கலியாண வீட்டுக்குச் சாரத்தோடுதான் போகவேண்டும் என்று கத்திவிட்டு வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து மனுசன் போயிருக்கிறார். கடையில் சனம். அக்கா எழுந்து நின்று, மரியாதையாக, "உங்கடை மனுசி சொல்லச் சொன்னவ. நீங்கள் ஒரு கழுதையாம். நாளைக்குக் கலியாண வீட்டுக்குச் சாரத்தோடைதான் போகவேணுமாம்" என்று சொல்லிக் காற்சட்டையை மடித்துக் கொடுத்தாராம்.

கலியாண வீடு முடிந்த கையோடு சண்டை பிடிக்கப் போனேன். அக்கா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீர் அப்பிடிச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான்தான். ஆனா..."

"அந்த 'ஆனா'வை நீர் எனக்குத் தரேல்லையே."

சிரித்துவிட்டேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஜெர்மன் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதலாமா என்று அவரைக் கேட்டு வைக்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

அந்தச் சட்டம் இவ்வளவுதான்: ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவரிடம் கொண்டுபோகும்போது கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குழம்புச் சட்டியை பஸ்ஸில் கொண்டு போகிறவள் மாதிரி, மூடியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் சனத்துக்கு இது வரவே வராது. நாங்கள் வழியில் கொஞ்சம் உப்புப் போடுவோம், கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுவோம். "அவர் அப்படிச் சொன்னாலும் மனசிலே பாசம்தான்" என்று ஒரு வரி சேர்க்காவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

தன் சொந்தக் கதையையும் அவர் ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை. "அவருக்கு இன்னொரு வீடு இருந்தது." அதுதான் அவர் கணவரைப் பற்றி எனக்குக் கிடைத்த முழுச் செய்தி. பிள்ளைகள் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சின்ன வீடு. மேலே இரண்டு அறை. ஒன்றில் அவர் படுப்பார். மற்றதில் துணி மூட்டைகள். அந்த வீட்டுக் குசினியில் இருந்தால், ஹோலில் தொங்கும் மணிக்கூட்டின் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் மணிக்கூடு என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம், அவ்வளவு இரைச்சல்.

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு ஊருக்கு ஒரு சங்கம் உண்டு. எங்கள் ஊருக்கும் இருந்தது. ஈஸ்ட்ஹாமில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு மண்டபம். வருசத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு ஒன்றுகூடல், செத்தவீடுகளுக்கு ஓடித்திரிவது, இவற்றோடு இன்னொரு வேலையும் சங்கம் செய்தது. புருசன் பெண்சாதி பிரச்சினை கோர்ட்டுக்குப் போக முதல் இங்கேதான் வரும். கோர்ட்டுக்குப் போய் வந்த பிறகும் சிலநேரம் இங்கே வரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை பகுதி யன்னல் பக்கம் இருக்கும், பெண் பகுதி சுவர்ப் பக்கம் இருக்கும், நடுவில் மேசை போட்டுச் சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும். தேத்தண்ணீரும் ரோல்ஸும் வரும். இணக்கம் பேசுவார்கள்.

தலைவர் ஊரில் உப தபாலதிபராக இருந்தவர். கெட்ட மனுசன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொறுமையாகக் கேட்பார். வீடு யாருக்கு, நகை யாருக்கு, சீட்டுக் காசை யார் கட்டுவது என்று பின்னேரம் முழுக்கப் பேசுவார்கள். பிள்ளைகளின் விசயம் கடைசியில் வரும், தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துவைக்கும் நேரத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோடியின் பிரச்சினை வந்தது. நான் பெண் பகுதிக்குத் துணையாகப் போயிருந்தேன். விளையாட்டுப் போட்டிக்குத் தைத்த கொடிகளைக் கொடுக்க அக்கா வந்து வாசலில் நின்றார். தலைவர் முடிக்கும் அவசரத்தில் இருந்தார். பொடியன் வெள்ளிவரை தாயோடு, சனி ஞாயிறு தகப்பனோடு என்று சொல்லிவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டார்.

"பொடியனைக் கேட்டனீங்களோ?" வாசலில் இருந்து அக்காவின் குரல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னப் பிள்ளையைக் கேட்டு என்ன செய்யிறது? அது சொக்லேட் வேணும் எண்டும்."

"எண்டால் சொக்லேட் எண்டு எழுதுங்கோ."

சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கொடிகளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஜெர்மனியிலை எங்கடை சனத்துக்கு மொழிபெயர்க்கக் கோர்ட்டுக்குப் போறனான். அங்கை புருசனுக்கு ஒரு லோயர், பெண்சாதிக்கு ஒரு லோயர், பிள்ளைக்கெண்டு தனியா ஒரு ஆள். இஞ்சத்தைக் கோர்ட்டிலையும் அப்பிடி ஒரு ஆள் இருக்காம். எங்கடை கோர்ட்டிலைதான் இல்லை."

இது கோர்ட் இல்லையே என்றார் தலைவர்.

"தீர்ப்புச் சொல்லுறியள்தானே."

சொல்லிவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றை இழுத்து வந்து, யன்னல் பக்கமும் இல்லாமல் சுவர்ப் பக்கமும் இல்லாமல் நடுவில் வைத்தார். இது பிள்ளையின் கதிரை என்றார். பிறகு கொடிக்கான கணக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கலையும்வரை வெறும் கதிரை நடுவில் கிடந்தது. ஒருவரும் அதை எடுத்து வைக்கவும் இல்லை, அதில் இருக்கவும் இல்லை.

தலைவருக்கு அது குத்தியிருக்க வேண்டும். சில நாள் கழித்துத் தானே கடைக்கு வந்தார். பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டி வரக்கூடாது, பெரியவர்களின் சண்டைக்கு நடுவில் இருத்தக்கூடாது, அதற்குச் சம்மதமென்றால் செய்து பார்ப்போம் என்றார். அக்கா நினைத்திருந்ததும் அதுதான். பிள்ளையோடு முதலில் ஒருவர் போய்க் கதைப்பது, பிள்ளை சொன்னதை அந்தக் கதிரையில் இருந்து சொல்வது. சம்பளம் கிடையாது, சங்கத்தில் பதவி கிடையாது. யார் வருவார்கள்?

நான் போனேன். பெரிய சேவை மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடக் குசினியில் கிழமை முழுக்க வேலை, வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகளும் மேற்படி கழுதையும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் வெளியே போகக் கிடைத்தால் போதும் என்று சேர்ந்தேன். என்னோடு இன்னும் சிலர் வந்தார்கள். பாங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை செய்த மதுரைப் பெண் ஒருத்தியும் வந்தாள்.

பயிற்சி அக்காவின் வீட்டு முன்னறையில். ஒருவர் ஏதாவது ஒரு சின்ன விசயத்தை மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைக் குசினியில் நிற்கும் அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். இது ஒரு பயிற்சியா என்று நினைத்தேன். என்னிடம் ஒருத்தி, "காலமை பாண் சாப்பிட்டன், பட்டர் முடிஞ்சுது" என்றாள். நான் குசினிக்குப் போய், பாவம், காலையில் வெறும் பாண்தான் சாப்பிட்டாளாம் என்றேன்.

"'பாவம்' ஆர் சொன்னது?" என்றார் அக்கா. "'வெறும்' ஆர் சொன்னது?"

திரும்பப் போகச் சொன்னார். அன்றைக்கு நான் அந்த ஹோலில் நடந்த நடையில் கால் உளைந்தது. பாவம் என்ற சொல் இல்லாமல் எங்களுக்கு ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கவே தெரியவில்லை. மதுரைப் பெண்ணுக்கு வேறு வியாதி. எதைச் சொன்னாலும் கடைசியில் "போலிருக்கு" என்று முடிப்பாள். அக்கா அந்தப் "போலிருக்கு"வை ஒவ்வொரு முறையும் பிடுங்கி எடுத்தார். அவளுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அப்படின்னா நாம எதுக்குக்கா? ஒரு டேப் ரெக்கார்டர் வச்சுடலாமே."

"டேப் ரெக்கார்டரோடை பிள்ளை பஸ்ஸிலை வராதே" என்றார் அக்கா.

பஸ்தான் அவர் கண்டுபிடித்த வழி. பிள்ளையோடு கதைக்க வீடும் சரிவராது, கடையும் சரிவராது. எங்கே போனாலும் பெரியவர்களின் காது இருக்கும். எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, மேல்தட்டில் முன் சீட்டில் போய் இருப்பார். பெரிய கண்ணாடி. ரோட்டு முழுக்கத் தெரியும். இரண்டு பேரும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருப்பதால் முகம் பார்க்கத் தேவையில்லை. கேள்வி ஒன்றிரண்டு தரம்தான் கேட்பார். மறுமொழி வராவிட்டால் விட்டுவிடுவார். பிள்ளை ஏதாவது சொன்னால், அதைத் திருப்பிச் சொல்லி, "இப்பிடித்தானே சொன்னனீ?" என்று கேட்பார். பிள்ளை திருத்தும். பிறகு, "இதை அங்கை சொல்லலாமோ?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் அந்தச் சொல் பஸ்ஸோடு போய்விடும். வற்புறுத்தினாலும் வெளியே வராது.

இரண்டு சகோதரங்களைப் பங்கு பிரித்த கதை சங்கத்தில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பெரியவன் தகப்பனோடு, சின்னவன் தாயோடு. ஆளுக்கு ஒன்று, நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அக்கா கதிரையில் இருந்து, சின்னவன் சொல்லலாம் என்று சொன்னவற்றைச் சொன்னார். அப்பா அம்மாவுக்குக் கார்ச் சாவியால் எறிந்தவர். அம்மா ஃபோனில் அப்பாவைப் பற்றிப் பொய் சொல்கிறவ. அண்ணா இல்லாவிட்டால் படுக்கப் போகும்போது யார் லைட் நிற்பாட்டுவது?

அவ்வளவுதான். அக்கா வாயை மூடிக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்தேன். தலைவர், அக்கா என்ன நினைக்கிறா என்று கேட்டார். நான் பிள்ளையின் கதிரையில் இருக்கிறேன், என் நினைப்பு இங்கே இல்லை என்றார் அக்கா. அந்தப் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. இரண்டு பேரும் தாயோடு போனார்கள்.

நல்ல விசயம்தானே? ஆனால் அதற்குப் பிறகு தகப்பன் பகுதிக்கும் அக்காவைக் கண்ணில் காட்ட இயலாது, தாய் பகுதிக்கும் இயலாது. கார்ச் சாவியையும் பொய்யையும் அக்கா கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்ன ஒருவருக்கும், அந்தப் பிள்ளை அதை மெதுவாகச் சொல்லவில்லை என்பது விளங்கவில்லை. இப்படி ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு வீடுகள் அக்காவுக்குக் கதவைச் சாத்தின. சனம் அவரைப் பெரிதாக மதித்தது, மேடையில் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியது, பிறந்தநாளுக்கு மட்டும் கூப்பிடவில்லை. அவவுக்கு முன்னால் வாய் திறக்கப் பயம் என்றார்கள். பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைக்க அவர் வேண்டும். சாமத்திய வீட்டுக்கு அவர் வேண்டாம்.

ஒருநாள் கடையில் கேட்டுவிட்டேன், உங்களுக்கு இது மனவருத்தம் இல்லையா என்று. ஊசியில் நூல் கோத்துக்கொண்டு சொன்னார்: "சனம் வருகுதுதானே. காற்சட்டையோடை வருகுது."

எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் ஒரு சின்னவள் வந்தாள். தாய் நோயில் செத்துப்போய்விட்டாள். தகப்பனுக்குப் பெட்ரோல் ஸ்டேசனில் வேலை, பாதிநாள் இரவு ஷிப்ட். பள்ளிக்கூடம் முடிந்தபின் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறீர்களா என்று அவர் அக்காவிடம் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை துணி வெட்டும் மேசைக்குக் கீழே பட்டன் டின்னோடு குடியிருந்தாள். ஒவ்வொரு பட்டனாக எடுத்து, இது யாருடையது என்று கேட்பாள். தெரிந்தால் அக்கா சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். ஒருநாள் அவள் மேசைக்குக் கீழே இருந்து, "நீங்கள் 'தெரியாது' எண்டு சொல்லேக்கை ஒரு டீச்சர் மாதிரி இல்லை" என்றாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. நல்ல பெரிய சிரிப்பு.

தகப்பனின் ஷிப்ட் கூடக் கூட, பிள்ளை சில இரவுகள் அக்காவின் வீட்டிலேயே, அக்காவின் அறையில் படுத்தாள். துணி மூட்டைகள் கிடந்த மற்ற அறை மெல்ல மெல்ல வெறுமையானது. மூட்டைகள் கடைக்குப் போயின. ஒரு கட்டில் வந்தது. மஞ்சள் துணியில் அக்கா கர்ட்டன் தைத்தார், கீழே சுருக்கு வைத்து. சுருக்கு சரியில்லை என்று பிரித்து மறுபடி தைத்தார். ஊராரின் காற்சட்டைகள் எல்லாம் அந்தக் கிழமை பிந்தின.

ஆனால் அந்த அறை யாருக்கு என்று பிள்ளையிடம் சொல்லவில்லை. எனக்கு விசர் பிடித்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவள் என்ரை முகத்தைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுவாள்" என்றார்.

அந்த நேரம் பாரிசில் இருந்து தகப்பனின் தங்கச்சி, பிள்ளைக்கு மாமி, வந்து இறங்கினாள். என் அண்ணனின் பிள்ளை பிறத்தி வீட்டில் வளர்வதா, என்னோடு அனுப்பு என்று நின்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். தகப்பனுக்கு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. அக்காவிடம் விட்டால் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். அண்ணனும் தங்கச்சியும் முறுகிக்கொண்டார்கள். விசயம் சங்கத்துக்கு வந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டு, "இதிலை நான் ஒரு பக்கம். கதிரை உமக்கு" என்றார்.

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எண்பத்தாறில் ஏறினேன். மேல்தட்டு, முன் சீட்டு. அவள் ரோட்டில் போன நாய்களைப் பற்றிக் கதைத்தாள். கோழிப் பொரியல் கடைகளைப் பற்றிக் கதைத்தாள். எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டதும் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, தெரியாது என்றாள். இன்னொருதரம் கேட்டேன். அதே மறுமொழி. அதற்கு மேல் கேட்பது சட்டம் இல்லை. வாயை அடக்கிக்கொண்டு வந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. யன்னல் பக்கம் பாரிஸ்காரி. சுவர்ப் பக்கம் தகப்பன், பக்கத்தில் அக்கா. கரும்பச்சைச் சேலை உடுத்தி, தலை வாரி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவரை ஒரு பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் நடுக்கதிரையில் இருந்து, பிள்ளை தெரியாது என்று சொன்னாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

தலைவரின் முகம் தெளிந்தது. அக்காவுக்கு ஏதாவது நல்லது செய்யக் கிடைத்ததே என்று அந்த மனுசனுக்கு உள்ளூரச் சந்தோசம், எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் இங்கே, தகப்பன் இங்கே, அக்காவை விட நம்பிக்கையான ஆள் யார், கவுன்சிலுக்கு முறையாக அறிவித்துப் பிள்ளை அக்காவோடு இருக்கட்டும், லீவுக்குப் பாரிஸ் போகட்டும் என்றார். மற்ற இரண்டு பெரியவர்களும் ஓம் என்றார்கள். பாரிஸ்காரி தலையைக் குனிந்தாள். எனக்கு மனம் துள்ளியது. அந்த மஞ்சள் கர்ட்டனுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா எழுந்தார். எனக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையைப் பார்த்தார். நான் எழும்பினேன். அவர் அதில் இருந்தார்.

"பிள்ளை எனக்கு ஒண்டு சொன்னவள். முந்தநாள், கடையிலை. நான் கேக்கேல்லை, தானாச் சொன்னவள். அங்கை சொல்லலாமோ எண்டு கேட்டனான். நீங்களே சொல்லுங்கோ எண்டவள்."

மூச்சை ஒருதரம் இழுத்தார்.

"சொன்னது இதுதான். 'மாமி வீட்டிலை நிறையப் பிள்ளையள். ஒரே சத்தம். உங்கடை வீட்டிலை மணிக்கூடுதான் கேக்கும். நான் பாரிசுக்குப் போறன்.'"

குரல் மாறவில்லை. வேறு யாரோ ஒருவரின் வீட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். தலைவர், மறுமொழி என்னவென்று தெரிந்துகொண்டே, அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கெஞ்சுவது மாதிரிக் கேட்டார்.

"நான் இருக்கிறது பிள்ளையின்ரை கதிரையிலை" என்றார் அக்கா.

பிள்ளை பாரிசுக்குப் போவதாக முடிந்தது. தகப்பன் அழுதார். பாரிஸ்காரி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளிடம், பிள்ளைக்கு உருளைக்கிழங்குப் பிரட்டலில் உறைப்புப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேல்தட்டுக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு நெருப்பாக இருந்தது. உங்களுக்கு விசரோ, ஒருவரும் கேட்காததை ஏன் போய்ச் சொன்னீர்கள், பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று திட்டினேன். அவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டித் திட்டி எனக்கே களைத்துப்போயிற்று. பிறகு, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன வேணும், அக்கா?"

பஸ் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தது. இறங்க வேண்டிய இடம். அவர் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. பஸ் லேய்ட்டன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கடைகள் பாதி பூட்டியிருந்தன.

"எனக்கு அந்தப் பிள்ளை வேணும், தங்கச்சி."

என்னை அப்படி அவர் அதற்கு முதல் கூப்பிட்டதில்லை. அவர் படிப்பித்த முறையில் கேட்டேன்.

"இப்பிடித்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஆருக்கும் சொல்லலாமோ?"

யோசித்தார். "இப்ப வேண்டாம். சொன்னா அவள் அங்கை நிம்மதியா இருக்கமாட்டாள். அவள் வளந்தாப் பிறகு, நான் இல்லாட்டி, அவளுக்குச் சொல்லும். மற்றாக்களுக்குச் சொல்லுறது அவளின்ரை விருப்பம்."

அந்தக் கதிரை பிறகு பரவியது. கோலியர்ஸ் வுட் பக்கத்துச் சங்கம் ஒன்று கேட்டு, அக்கா ரயில் ஏறிப் போய்ப் பயிற்சி கொடுத்தார். வேறு ஊர்ச் சங்கங்களும் கேட்டன. பாணும் பட்டரும் லண்டன் முழுக்கப் போயின. அக்காவின் வீட்டு மேலறை மட்டும் கதவு சாத்தியபடி இருந்தது. மூட்டைகள் திரும்பி வரவில்லை. தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசில் இருந்து ஃபோன் வரும். நான் அங்கே இருந்தால் அக்கா ரிசீவரை என் பக்கம் நீட்டி, "கேளும், என்ன சத்தம்" என்பார். பிள்ளைகள் கத்துவதும் யாரோ கோப்பையைப் போட்டு உடைப்பதும் கேட்கும். அவர் முகத்தில் ஒரு சந்தோசம். ஃபோனை வைத்தபிறகு மணிக்கூடு கேட்கும். பிறகு பிறகு அந்த ஃபோன் குறைந்தது. பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தானே.

பல வருசம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் அக்கா நோயில் விழுந்தார். அதிகம் கிடக்கவில்லை. மனோர் பார்க்கில் தகனம். அவருக்குக் கதவைச் சாத்திய வீடுகள் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தேத்தண்ணீர் கொடுத்த இடத்தில் ஒரு நெடிய பெண் என்னிடம் வந்து நின்றாள். கறுப்புக் கோட்டு. கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பட்டன் டின்காரி. காலையில் ரயிலில் வந்தாளாம். நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். அக்கா உனக்கு ஒரு சொல் தந்து வைத்திருக்கிறா என்றேன். எந்த நாள், எந்த பஸ்ஸில் என்று சொன்னேன். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன். 'எனக்கு அந்தப் பிள்ளை வேணும்.' பாவம் என்று நுனிநாக்கில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவள் அழவில்லை. கோட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அந்த மஞ்சள் கர்ட்டனை நான் கண்டனான், அன்ரி. ஒருநாள் கதவு திறந்து கிடந்தது. ஆருக்கு எண்டு சொல்லுவா, சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. பாரிசுக்குப் போறன் எண்டு சொன்னதே, போகாதை எண்டு சொல்லுவா எண்டுதான். அவ அங்கை சொல்லலாமோ எண்டு கேட்டா."

பட்டன் கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒருக்காக் கேட்டிருந்தா, நான் நிண்டிருப்பன்."

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். அதே சொற்களைத் திருப்பிச் சொல்லி, "இப்பிடித்தானே சொன்னனீ?" என்று கேட்டேன்.

ஓம் என்றாள். அக்காவின் சொல்லையும் சேர்த்துக் கேட்டேன்.

"ஆருக்கும் சொல்லலாமோ?"

"சொல்லலாம் அன்ரி. ஆனா கேக்க வேண்டிய ஆள் இல்லையே" என்றாள்.